புதுக்கணக்கில் ஒரு கையெழுத்து

"இன்று ரொக்கம், நாளை கடன்" என்ற அட்டை தொங்காத மளிகைக் கடை நம் மாவட்டத்தில் குறைவு. அந்த அட்டைக்குக் கீழேயே கடன் நோட்டு இல்லாத கடையும் குறைவு. இதில் வியப்படைய ஒன்றும் இல்லை. தருமபுரி மாவட்டம் மழையை நம்பி வாழ்கிற மாவட்டம். கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் களத்துக்கு வந்த பிறகு, பாலக்கோட்டில் தக்காளி விலை போன பிறகு, மாங்காய் இறங்கிய பிறகு, பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் பணம் அனுப்பிய பிறகுதான் பல வீடுகளில் கடைப் பாக்கி அடைபடுகிறது. கடன் கொடுக்காமல் இங்கே கடை நடத்த முடியாது.

கொடுத்த கடன் திரும்பி வராதபோது என்ன செய்வது என்பதுதான் கேள்வி. நம்மில் பலருக்குத் தெரிந்த வழிகள் இரண்டு. ஒன்று, பாக்கிக்காரரை வழியில் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பது. மற்றொன்று, "போனது போகட்டும்" என்று தண்ணீர் தெளித்து விடுவது. கோர்ட் என்ற மூன்றாவது வழியைச் சொன்னால், "இருபதாயிரம் பாக்கிக்கு நாற்பதாயிரம் செலவு செய்யவா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, நாமாகவே பயந்துகொண்டு உண்டாக்கியது.

சின்னத் தொகைக்கான வழக்கு கோர்ட்டில் தீர்மானமாவதில்லை. நம் கடை மேஜையில்தான் தீர்மானமாகிறது என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து. நோட்டில் உரிய நாளில் ஒரு கையெழுத்து வாங்கியவருக்கு வழக்கு சுலபம். பல நேரங்களில் வழக்கே தேவைப்படாது. வாங்காதவருக்கு எவ்வளவு பெரிய வக்கீல் வைத்தாலும் கஷ்டம்தான்.

மூன்று வருடக் கெடு

முதலில் ஒவ்வொரு வியாபாரியும் மனப்பாடம் செய்ய வேண்டியது 1963-ஆம் வருடக் காலவரையறைச் சட்டம். தவணை எதுவும் பேசாமல் கடனுக்குச் சரக்குக் கொடுத்தால், கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். "ஒரு மாதம் கழித்துப் பணம்" என்று தவணை பேசிக் கொடுத்தால், அந்தத் தவணை முடிந்த நாளிலிருந்து மூன்று வருடம். கேட்கும்போது தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு அதன் தேதியிலிருந்து மூன்று வருடம். 2023 ஜூன் 10-ந் தேதி தவணை பேசாமல் கொடுத்த அரிசி மூட்டைக்கு 2026 ஜூன் 10-க்குள் வழக்குப் போட்டாக வேண்டும். அன்று கோர்ட் விடுமுறை என்றால் திறக்கிற நாளில் போடலாம். அதற்கு மேல் சட்டம் கை கொடுக்காது.

இங்கேதான் நம்மவர்கள் பலர் ஏமாந்து போகிறார்கள். சித்திரை முதல் நாளோ, ஏப்ரல் முதல் தேதியோ, சாமி படத்துக்கு முன் மஞ்சள் தடவிப் புதுக்கணக்கு எழுதுகிறோம். பழைய நோட்டில் உள்ள பாக்கியைக் கூட்டி, புதிய நோட்டின் முதல் பக்கத்தில் "முன் பாக்கி" என்று எடுத்து எழுதுகிறோம். எழுதியதும் கடன் புதிதாகிவிட்டதாக ஒரு நிம்மதி. ஆனால் நாமாக எழுதிக்கொள்கிற முன் பாக்கியால் கெடு ஒரு நாள்கூட நீளாது. அந்தக் கணக்கு நம்முடைய ஞாபகத்துக்கு உதவும். கோர்ட்டில் கெடுவைப் புதுப்பிக்காது. ஒவ்வொரு முறை கொடுத்த சரக்குக்கும் தனித்தனியாகக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும்.

கெடுவைப் புதுப்பிக்கக் கடன்பட்டவரின் கை வேண்டும். மூன்று வருடம் முடிவதற்கு முன்பே "இவ்வளவு பாக்கி உண்டு" என்று அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருடம் கிடைக்கும். இது சட்டத்தின் 18-வது பிரிவு. பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டி, கட்டியதை அவரே எழுதினாலும் அல்லது எழுதியதில் கையெழுத்துப் போட்டாலும் அதே பலன் உண்டு. இது 19-வது பிரிவு. ஐந்நூறு ரூபாய் வரவு வைத்து நாமே எழுதிக்கொண்டால் போதாது. பணம் கைப்பேசியில் வந்தாலும் சரி, கையில் வந்தாலும் சரி, வரவு எழுதிய வரிக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்து இருக்கட்டும்.

கெடு தாண்டிய பிறகு அவர் "ஆமாம், பாக்கி உண்டு" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் பயனில்லை. "அந்தத் தொகையைக் கொடுத்து விடுகிறேன்" என்று எழுத்தில் உறுதி சொல்லிக் கையெழுத்திட்டால்தான் ஒப்பந்தச் சட்டத்தின் 25-வது பிரிவின்படி அது செல்லும். மூன்று வருடம் தராதவர் அதன் பிறகு அப்படி எழுதிக் கொடுப்பாரா என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

நோட்டு மட்டும் போதுமா?

போதாது. ஒழுங்காக, அன்றாடம் எழுதி வருகிற வியாபாரக் கணக்குப் புத்தகம் சாட்சியமாக ஏற்கப்படும். ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவர் தலையில் கடனைச் சுமத்த முடியாது. 1872-ஆம் வருடச் சாட்சியச் சட்டத்தின் 34-வது பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 28-வது பிரிவும் அதையேதான் சொல்கிறது. அரசியல்வாதிகள் பலர் பெயர் அடிபட்ட ஜெயின் ஹவாலா வழக்கில் 1998-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு நம் மளிகைக் கடைக்கும் பொருந்தும். தனித்தனித் துண்டுத் தாள்கள் கணக்குப் புத்தகம் ஆகாது என்றது கோர்ட். புத்தகமாகத் தைத்த கணக்கே ஆனாலும், அதற்கு வெளியே வேறு ஆதாரமும் வேண்டும் என்றது. சிகரெட் அட்டையின் பின்பக்கத்திலும் பழைய காலண்டர் தாளிலும் பாக்கி எழுதி ஆணியில் குத்தி வைக்கிற வழக்கத்தை இன்றோடு விட்டுவிட வேண்டும்.

வேறு ஆதாரம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. சரக்குப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்ட பில், லாரி அல்லது டெம்போ ரசீது, ஜி.எஸ்.டி. பில், பாக்கித் தொகைக்குக் கீழே கையெழுத்து ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே வழக்கு நிற்கும். வாட்ஸ்அப்பில் "அடுத்த வாரம் தருகிறேன் அண்ணே" என்று வந்த செய்தியும் உதவும். ஆனால் அந்தச் செய்தியின் அச்சு நகலோடு, அது எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று சட்டம் கேட்கிற சான்றும் சேர்ந்திருக்க வேண்டும். சான்று இல்லாத நகல் ஏற்கத் தக்கதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்மானமாகச் சொல்லிவிட்டது. செய்தியை அழித்துவிடாமல் அந்தக் கைப்பேசியையும் பத்திரமாக வைத்திருங்கள்.

புதுக்கணக்கு நாளன்று ஒவ்வொரு பெரிய பாக்கிக்கும் இப்படி ஒரு வரி எழுதுங்கள்: "இன்றைய தேதி வரை தங்கள் கடைக்கு நான் தர வேண்டிய பாக்கி ரூபாய் பன்னிரண்டாயிரத்து நானூறு. கணக்கைச் சரி பார்த்தேன்." தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, தேதி போட்டு, ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி அதன்மேல் கையெழுத்து வாங்குங்கள். கடனை ஒப்புக்கொள்ளும் இப்படிப்பட்ட எழுத்துக்கு ஸ்டாம்பு சட்டத்தில் தீர்வை உண்டு. ஒட்டாமல் விட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் ஆட்சேபணையாக அதைத்தான் கிளப்புவார். வட்டி, தவணை என்றெல்லாம் அந்த வரியோடு சேர்த்து எழுத வேண்டாம். எழுதினால் அது வேறு பத்திரமாகிவிடும். அவை வேண்டுமானால் தனியாகப் புரோநோட்டு எழுதி வாங்குங்கள்.

"கையெழுத்துக் கேட்டால் வாடிக்கைக்காரர் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விடுவார்" என்று சிலர் சொல்வார்கள். நியாயமான பயம்தான். அதனால்தான் தனியாக ஒருவரிடம் மட்டும் கேட்கக் கூடாது, எல்லாரிடமும் ஒரே நாளில் கேட்க வேண்டும் என்கிறேன். புதுக்கணக்கு நாளில் வெற்றிலை பாக்கும் கற்கண்டும் கொடுத்து, "கணக்கைப் பார்த்துச் சரி சொல்லி ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று கேட்டால் அது சந்தேகமாகத் தெரியாது, சம்பிரதாயமாகத் தெரியும். எல்லாக் கடைகளும் அதே நாளில் அதையே கேட்டால் எதிர்க்கடைக்குப் போவது என்ற பேச்சே எழாது. கணக்கில் தப்பு இருந்தால் அன்றே தெரிந்துவிடும் என்பதால் வாடிக்கைக்காரருக்கும் இது பாதுகாப்புதான்.

எந்தக் கோர்ட், எவ்வளவு செலவு?

சென்னையில் 1882-ஆம் வருடச் சட்டப்படி சிறுவழக்குகள் நீதிமன்றம் என்று தனியாகவே ஒன்று உண்டு. மாவட்டங்களுக்காக 1887-ல் தனிச் சட்டம் வந்தது. ஆனாலும் நம் மாவட்டத்தில் சின்னப் பாக்கி வசூலுக்கு நாம் படியேற வேண்டியது மாவட்ட முன்சீப் கோர்ட்தான். தருமபுரிக்கு வெளியே அரூர், பாலக்கோடு, பென்னாகரம் போன்ற ஊர்களிலும் கோர்ட் உண்டு. பிரதிவாதி குடியிருக்கும் ஊரில் வழக்குப் போடலாம். வியாபாரம் முழுவதுமோ அதில் ஒரு பகுதியோ நடந்த ஊரிலும் போடலாம். பாக்கிக்காரர் ஓசூருக்கோ பெங்களூருக்கோ குடி போய்விட்டார் என்பதற்காக நாம் அங்கே அலைய வேண்டியதில்லை. சரக்குக் கைமாறியது நம் கடையில் என்றால் நம் ஊர்க் கோர்ட்டே போதும்.

சிலர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். அது பொருள் வாங்கியவர் முறையிடும் இடம். விற்றவர் பாக்கி வசூலிக்கும் இடமல்ல. மறுவிற்பனைக்காக மொத்தக் கடையில் சரக்கு வாங்கிய வியாபாரியையும் அந்தச் சட்டம் நுகர்வோராகக் கருதாது. மொத்த வியாபாரிகள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். வணிகத் தகராறு 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாதது என்றால் 2015-ஆம் வருட வணிக நீதிமன்றச் சட்டம் பொருந்தும். அதில் அவசர நிவாரணம் கேட்காத வழக்குக்கு முதலில் சமரசப் பேச்சு நடத்திப் பார்த்தே ஆக வேண்டும்.

இனிச் செலவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் முன்பு பண வழக்குக்குக் கோர்ட் கட்டணம் நூற்றுக்கு ஏழரை ரூபாய். 2017-ல் அதை மூன்று ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். இருபதாயிரம் ரூபாய் வழக்குக்கு 1,500 ரூபாய் கட்டிய இடத்தில் இப்போது 600 ரூபாய். ஐம்பதாயிரத்துக்கு 1,500 ரூபாய். இதற்கு மேல் சம்மன் கட்டணமும் வக்கீல் பீஸும் உண்டு. வக்கீல் பீஸை முதலிலேயே முழுமையாகப் பேசி முடித்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. நம் வழக்கை நாமே நடத்தவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் பிராது எழுதுவதில் பழக்கமில்லாதவர் ஒரு வக்கீலைப் பார்ப்பதே புத்திசாலித்தனம். பெண் வியாபாரிகளுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் கேட்கும் உரிமை உண்டு. தனியாகக் கடை நடத்துகிற எத்தனையோ பெண்கள் இதை அறியாமலே இருக்கிறார்கள்.

வழக்கு நடக்கும் முறை இதுதான். முதலில் வக்கீல் நோட்டீஸ். அதில் அசலோடு வட்டியும் கேட்டு எழுத வேண்டும். வட்டி பேசிக்கொள்ளாத கடனுக்கும், எழுத்தில் வட்டி கேட்ட தேதியிலிருந்து வட்டி தரச் சொல்ல 1978-ஆம் வருட வட்டிச் சட்டம் கோர்ட்டுக்கு அதிகாரம் தருகிறது. அடுத்தது பிராது: யார் யாருக்கு எப்போது என்ன சரக்குக் கொடுத்தார், எவ்வளவு வரவு, எவ்வளவு பாக்கி, கெடுவுக்குள் எப்படி வருகிறது என்ற விவரம், அதோடு பில், கணக்கு நகல் எல்லாம். சம்மன் கிடைத்த பிரதிவாதி முப்பது நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும்; காரணம் காட்டினால் தொண்ணூறு நாள் வரை கோர்ட் அனுமதிக்கலாம். ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக டிக்ரி ஆகும். கையெழுத்துள்ள பாக்கிச் சீட்டும் புரோநோட்டும் இருக்கும் வழக்குகளில் பிரதிவாதிக்குச் சொல்ல அதிகம் இருக்காது. வாய்க்கணக்கு வழக்குகள்தான் வருடக்கணக்கில் இழுக்கும்.

கூட்டு வியாபாரம் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1932-ஆம் வருடக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69-வது பிரிவுப்படி, பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் வெளியாள் மீது பாக்கிக்கு வழக்குப் போட முடியாது. ஜி.எஸ்.டி. எண் இருக்கிறது என்பதோ வங்கிக் கணக்கு இருக்கிறது என்பதோ இதற்கு ஈடாகாது. கூட்டு நிறுவனங்களின் பதிவாளரிடம் தனியாகப் பதிய வேண்டும். லட்சக்கணக்கில் பாக்கி இருந்தும் இந்த ஒரு பதிவு இல்லாததால் வழக்கே தள்ளுபடியாகும் நிலை எந்தக் கடைக்கும் வர வேண்டாம்.

செக் வாங்கியவர்களுக்கு

பாக்கிக்குச் செக் வாங்கியிருந்தால் நம் கை கொஞ்சம் பலமானது. செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவு 1989 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அதன் நாள் கணக்கு மிகக் கறாரானது. செக்கை அதன் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பியதாக வங்கி தெரிவித்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்து பதினைந்து நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். "பார்க்கலாம், பண்டிகை முடியட்டும்" என்று இருந்தால் செக் வெறும் காகிதமாகிவிடும்.

2015-ல் வந்த திருத்தம் நமக்குப் பெரிய உதவி. செக்கை நம் கணக்கில் போட்டு வசூலுக்கு அனுப்பினால், நம் கணக்கு இருக்கும் வங்கிக் கிளை அமைந்த எல்லையிலேயே புகார் கொடுக்கலாம். 2018 திருத்தப்படி, வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் இருபது சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு தர உத்தரவிடக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் செக் வாங்கிவிட்டோம் என்று கணக்கை மறந்துவிடக் கூடாது. "அது வெறும் செக்யூரிட்டிக்குக் கொடுத்தது, பாக்கியே இல்லை" என்பதுதான் வழக்கமான பதில். அதை முறியடிப்பது மறுபடியும் அந்தக் கையெழுத்துள்ள கணக்குத்தான்.

மக்கள் நீதிமன்றம்

சின்னப் பாக்கிக்கு மிகவும் ஏற்ற இடம் மக்கள் நீதிமன்றம். தருமபுரியில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும், தாலுகாக்களில் வட்டச் சட்டப்பணிகள் குழுக்களும் இதை நடத்துகின்றன. வருடத்தில் சில முறை தேசிய மக்கள் நீதிமன்றமும் கூடுகிறது. வழக்குப் போடாமலேயே, அதற்கு முந்திய நிலையிலேயே மனுக் கொடுக்கலாம். கோர்ட் கட்டணம் கிடையாது. இருவரும் ஒத்துக்கொண்டு முடிவானால் அது சிவில் கோர்ட் டிக்ரிக்குச் சமம். அதன்மேல் அப்பீல் இல்லை. செக் வழக்கில் மக்கள் நீதிமன்றம் தந்த முடிவையும் சிவில் டிக்ரி போலவே நிறைவேற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சொல்லியிருக்கிறது.

ஏற்கெனவே வழக்குப் போட்டவர்களும் அங்கே முடித்துக்கொண்டால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கோர்ட்டுக்கு வெளியே தாங்களாகவே சமாதானம் செய்துகொண்டவர்களுக்கும் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று, தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2021-ல் உச்ச நீதிமன்றம் சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை உறுதி செய்தது.

ஆனால் எதிர்த்தரப்பு வர மறுத்தால் மக்கள் நீதிமன்றத்தால் கட்டாயப்படுத்த முடியாது. அங்கே மனுக் கொடுத்துவிட்டுக் கெடுவை மறந்து உட்கார்ந்துவிடவும் கூடாது. ஆகவே மூன்றாவது வருடம் பிறக்கும் முன்பே அங்கே போய்விட வேண்டும். பேச்சு முறிந்தால் வழக்குப் போட அவகாசம் மீதி இருக்கும்.

டிக்ரிக்குப் பிறகு

டிக்ரி வாங்கினால் பணம் வந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. பிரதிவாதி கட்டாவிட்டால் நிறைவேற்று மனுப் போட வேண்டும். அதற்குப் பன்னிரண்டு வருடம் அவகாசம் உண்டு. ஆனால் எதையும் ஜப்தி செய்துவிட முடியாது. விவசாயியின் ஏர், கலப்பை, உழவு மாடு, விதை தானியம், அவர் குடியிருக்கும் வீடு இவற்றுக்கெல்லாம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. கையில் வசதி இருந்தும் வேண்டுமென்றே தராதவரைத்தான் சிவில் சிறைக்கு அனுப்பலாம். வெறும் வறுமைக்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது. அது நியாயமும்கூட.

ஆகவே வழக்குப் போடுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இவர் முடியாமல் தராதவரா, மனமில்லாமல் தராதவரா? மழை பொய்த்து, வெள்ளாமை போய், குழந்தைக்கு வைத்தியம் பார்த்து நொடித்துப் போனவர் மீது டிக்ரி வாங்கி என்ன ஆகப் போகிறது? அவருக்குத் தவணை கொடுக்கலாம், கொஞ்சம் தள்ளியும் கொடுக்கலாம். நம் முன்னோர்களும் அப்படித்தான் வியாபாரம் செய்தார்கள். ஆனால் புது வண்டி வாங்கி, மாடி கட்டி, நம் கடைக்கு எதிரே கைவீசி நடந்து போகிறவர் விஷயம் வேறு. விட்டுக்கொடுப்பது வேறு, விட்டுப்போவது வேறு. முன்னது நம் மனதறிந்து செய்யும் தர்மம். பின்னது காலண்டர் நமக்குச் செய்யும் நஷ்டம்.

வசூலுக்கு ஆள் அனுப்பி மிரட்டுவது, சரக்கைத் தூக்கி வருவது, போலீஸ் ஸ்டேஷனில் பஞ்சாயத்து வைப்பது இவற்றை எல்லாம் அறவே தவிர்க்க வேண்டும். பாக்கி வசூல் சிவில் விவகாரம், போலீஸாரின் வேலையல்ல. பணம் கேட்கப் போய் நாமே குற்றவாளிக் கூண்டில் நிற்கும்படி ஆகிவிடும்.

சங்கமும் சர்க்காரும்

தனி ஒரு கடைக்காரரால் ஆகாததைச் சங்கத்தால் செய்ய முடியும். புதுக்கணக்கு நாளை "கணக்குச் சரிபார்ப்பு நாள்" என்று அறிவித்து, ஒரே மாதிரியான பாக்கிச் சீட்டை அச்சடித்து எல்லாக் கடைகளுக்கும் கொடுக்கலாம். உறுப்பினர்களின் இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட பாக்கிகளைத் திரட்டி, மக்கள் நீதிமன்றத்துக்கு ஒரே கட்டாக மனுக் கொடுக்கலாம். நோட்டீஸுக்கும் பிராதுக்கும் நியாயமான பீஸில் எழுதித் தர ஒரு வக்கீலோடு பேசி வைக்கலாம். இவை எதற்கும் பெரிய நிதி தேவையில்லை.

சர்க்காரிடம் நாம் கேட்க வேண்டியதும் இரண்டு உண்டு. சிறு உற்பத்தியாளருக்கு வர வேண்டிய பணம் 45 நாளைத் தாண்டினால், வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சிறு தொழில் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. அந்த வழக்குகளைத் தீர்க்கத் தனி மன்றமும் உண்டு. 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வியாபாரிகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அந்தச் சலுகை வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டுமே என்று வரையறுத்து, தாமதப் பணத்துக்கான பாதுகாப்பிலிருந்து நம்மை வெளியே நிறுத்திவிட்டார்கள். மாவு மில்காரருக்கு உள்ள பாதுகாப்பு அந்த மாவை விற்கிற கடைக்காரருக்கு ஏன் இல்லை? பெரிய ஓட்டல்களும் கல்லூரி விடுதிகளும் மாதக்கணக்கில் பாக்கி வைப்பது நம்மிடமும்தானே?

இரண்டாவது, உண்மையிலேயே எளிமையான ஒரு சிறுவழக்கு மன்றம். நம் தமிழ் வணிகர்கள் பலர் கடை வைத்திருக்கிற சிங்கப்பூரில் இப்படி ஒன்று 1985 முதல் இயங்கி வருகிறது. இருபதாயிரம் டாலர் வரை, இருவரும் சம்மதித்தால் முப்பதாயிரம் டாலர் வரை, அங்கே வழக்குப் போடலாம். வக்கீல் வாதாடக் கூடாது. முதலில் சமரசம் பேசுவார்கள். முடியாவிட்டால் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். தருமபுரிக்கும் அரூருக்கும் அப்படி ஒரு மன்றம் வந்தால், இன்று தண்ணீர் தெளித்துவிட்ட எத்தனையோ பாக்கிகள் ஒரு மாலைப் பேச்சிலேயே முடிந்துவிடும்.

அவை வரும்போது வரட்டும். எந்த மன்றம் வந்தாலும், எந்தச் சட்டம் வந்தாலும், அங்கே உட்காருகிறவர் கேட்கப் போகிற முதல் கேள்வி ஒன்றுதான்: "கடன்பட்டவர் கையெழுத்து எங்கே?" அதற்குப் பதில் சொல்லச் சர்க்காரின் உத்தரவு தேவையில்லை. இன்று இரவு கடை கட்டுமுன் கடன் நோட்டைப் புரட்டுங்கள். இரண்டு வருடம் தாண்டிய பாக்கிகளைச் சிவப்பு மையில் குறியுங்கள். அவர்கள் அடுத்த முறை கடைக்கு வரும்போது, சரக்கைக் கட்டுவதற்கு முன் நோட்டை அவர்கள் பக்கம் திருப்பி வையுங்கள்.